வெங்கலம் கூவி விற்ற பட்டாளத்து பைக்

மீன் சந்தையில் விலை ஏறாது, இறங்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்ற ஏலங்களில் ஒருவர் நூறு என்பார், அடுத்தவர் நூற்றைம்பது என்பார், பொருள் பொறுமையாகக் காத்திருக்கும். மீன் காத்திருக்காது. அதனால் ஏலம் கூவுகிறவர் யாருமே கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்த ஒரு பெரிய விலையில் ஆரம்பித்து மளமளவென்று கீழே வருவார். எந்த விலையில் முதல் கை உயர்கிறதோ அந்தக் கைக்குக் கூடை. அவசரப்பட்டால் பணம் போச்சு, யோசித்துக்கொண்டே நின்றால் மீன் போச்சு. கை உயர்ந்ததும் கூட்டம் "விழுந்துச்சு!" என்று கத்தும். அவ்வளவுதான் வியாபாரம்.

கடலோரக் கொட்டகையில் அப்படிக் கூவிக்கொண்டிருந்தவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. சந்தைக்கு அவள் வெங்கலம். அவளுடைய தொண்டை வெண்கலம் என்பதால் வந்த பெயர். படகு கரைக்கு வருமுன் இவள் குரல் படகுக்குப் போய்விடும் என்று வலைக்காரர்கள் சொல்வார்கள். அந்த மேடையில் முதலில் நின்றவர் அவள் கணவர். தொண்டையில் கட்டி வந்து அறுவை நடந்தபோது, "உங்க குரல் திரும்புற வரைக்கும் நான் பார்த்துக்கறேன்" என்று ஏறினாள். குரல் திரும்பியது, ரகசியம் பேசுகிற அளவுக்கு. அவள் இறங்கவில்லை. பொம்பளை கூவினால் மீன் கெட்டுவிடும் என்று சொன்னவர்களெல்லாம், இவள் கூவினால் மீன் கெடுவதற்கு நேரமே இருக்காது என்பதைக் கண்டுகொண்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

கணவருக்கும் சந்தையில் ஒரு பெயர் உண்டு, சார்ஜன்ட். பட்டாள முகாமின் வாசல் கதவைக்கூட அவர் தொட்டதில்லை. பெயர் வந்தது பைக்கால்.

அந்த பைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்றோ நடந்த ஒரு பெரிய யுத்தத்துக்காகச் செய்த வண்டி அது. பக்கத்தில் தொட்டி போல ஒரு சைடுகார். மற்ற வண்டிகளில் சைடுகார் சக்கரம் சும்மா கூடவே உருளும். இதில் எஞ்சினின் பலம் அந்தச் சக்கரத்துக்கும் போகும். ரிவர்ஸ் கியர்கூட உண்டு. சேற்றில் பீரங்கி இழுக்கச் செய்தார்களாம். வெங்கலத்தின் அப்பா பழைய இரும்பு வியாபாரி. முகாம் ஒன்றைக் காலி செய்தபோது லாரி நிறைய வாங்கிய இரும்போடு இதுவும் வந்து சேர்ந்தது. மகளுக்குக் கல்யாணமான புதிதில், "உன் புருஷன் ஐஸ் பெட்டியைத் தலையில சுமக்கிறான், கழுத்து உள்ள போயிடும். இதை எடுத்துக்கோ" என்று அவள் பேருக்கே மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து அது மணலில் இறங்கி ஐஸ் சுமந்தது. வேறு எந்த வண்டியும் புதைந்து போகிற இடத்தில் அது யானை மாதிரி அலட்டிக்கொள்ளாமல் நடந்து போகும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, கொட்டகையை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வரும்வரை.

மேட்டில் புதுச் சந்தை எழுந்துகொண்டிருந்தது. வழுவழு தரை, குழாய்த் தண்ணீர், வரிசையாக ஏல மேடைகள். மேடை வேண்டுமானால் சந்தைக் கமிட்டிக்கு எட்டு லட்சம் முன்பணம் கட்ட வேண்டும். மேடை யாருடையதோ அவர்தான் எந்தப் படகின் மீன் முதலில் என்று சொல்வார், தரகு அவருக்கு, பேச்சு அவருடையது. மேடை இல்லாதவள் எவ்வளவு பெரிய தொண்டை வைத்திருந்தாலும் கூலித் தொண்டைதான். மற்ற மேடைகளை ஆளுக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்று. பழைய கொட்டகையில் கூவியவர்களுக்கே முதல் உரிமை, அதற்கும் வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடும்வரைதான் கெடு; தாண்டினால் பணம் கட்டுகிற யாருக்கும் போகலாம்.

அதன்மேல் ஐஸ் கம்பெனி முதலாளிக்கும் கண். நல்ல மனிதர் மாதிரியே பேசுவார், கேட்கிறவருக்குத்தான் உள்ளங்கை சில்லிட்டுப் போகும்.

"எதுக்கு வெங்கலம் வீணா அலையுற? மேடையை நான் எடுத்துக்கறேன். நீ வந்து கூவு. நாள் கூலி தர்றேன். மழை வந்தாலும் கூலி."

"மழை வந்தா மீனே வராது முதலாளி. அப்ப எதைக் கூவ?"

"சும்மா உக்காந்திரு."

"உக்காந்து எனக்குப் பழக்கமில்லையே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கழுவியபோது ஒரு தட்டு நெளிந்தது.

பைக்குக்கு விலை உண்டு என்று அவளுக்குத் தெரியவந்தது தற்செயலாக. சந்தையைப் படம் எடுக்க வந்த ஒரு பெண், ஐஸ் நீர் சொட்டச் சொட்ட நின்ற வண்டியையும் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. இந்த ரக வண்டி உலகத்தில் மிச்சமிருப்பதே கொஞ்சமாம். அதிலும் ஓடுகிற நிலையில் இருப்பவை அதைவிடக் கொஞ்சமாம். வெளிநாட்டில் ஒன்று முப்பது லட்சத்துக்குப் போயிருக்கிறதாம்.

முதலில் நேரில் வந்தவர் பழைய வாகனங்கள் வாங்கி விற்கும் புரோக்கர். டார்ச் அடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றினார். பெண் பார்க்க வந்து குறை மட்டுமே பார்க்கிற மாமியார் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா, சைடுகார் அடியில ஓட்டை போட்டு வெச்சிருக்கீங்க?"

"ஐஸ் கரைஞ்சா தண்ணி எங்க போகும்?"

"பட்டாளத்துல இப்படி ஓட்டை போட மாட்டாங்கம்மா."

"பட்டாளம் மீன் வித்திருந்தா போட்டிருக்கும்."

"வாசனை வேற... சரி, ஆசைப்பட்டு வந்துட்டேன். மூணரை லட்சம்."

அடுத்து வந்தவர் ஓட்டல்காரர். வரவேற்பு அறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்த வேண்டுமாம், சைடுகாரில் செடி வைக்க வேண்டுமாம். மூன்றரை என்றார். மூன்றாவதாக ஒரு பல் டாக்டர் வந்தார். மீன் வாசனைக்கு முகக்கவசம் போட்டிருந்தார். ஆனால் அந்த மனிதர் மட்டும் வண்டியைத் தொட்டவிதம் வேறு. சொத்தைப் பல்லைத் தொடுவதுபோல் ஒவ்வொரு திருகாணியையும் விரல் நுனியால் தடவினார். எஞ்சின் எழுந்து உறுமியபோது அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மூணரை தரலாம்" என்றார். வாய் அதைச் சொன்னபோதும் கை டாங்கை விட்டு எழவில்லை. வெங்கலம் இரண்டையும் கவனித்தாள்.

அன்று சாயங்காலம் சார்ஜன்ட் வாசல் படியில் உட்கார்ந்து பைக்கின் கிளட்ச் வயருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் பேச்சைக் கேட்க யாரானாலும் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

"குடுத்திடலாமா?" என்றார் அவர். "மிச்சத்துக்கு எங்கயாவது புரட்டலாம்."

"எங்க புரட்ட? கிணத்துலயா? என்னங்க, நீங்க இத்தனை வருஷம் மேடையில நின்னவரு. வந்தது மூணு பேர். மூணு வாயும் ஒரே விலை. நம்ம சந்தையில இப்படி நடந்தா என்ன அர்த்தம்?"

சார்ஜன்ட் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "மூணு பேரும் ஒண்ணா டீ குடிச்சிருக்காங்க."

"அதேதான்."

கூடிப் பேசிக்கொண்டு ஒருவருக்கொருவர் விலையை ஏற்றிவிடாமல் சல்லிசாக வாங்குவது. பிறகு தங்களுக்குள் இன்னொரு ஏலம் வைத்து லாபத்தைப் பங்கு போடுவது. வெங்கலம் வாரத்துக்கு ஒருமுறையாவது உடைத்துப் போடுகிற கூட்டுதான்.

"இவங்களைச் சந்தைக்கு வரச் சொல்றேன்" என்றாள். "நம்ம முறையில கூவறேன். விலை ஏத்துற ஏலத்துல கூட்டு உடையாது. ஒருத்தன் மீறினா அடுத்தவன் மேல ஏத்திப் பழி தீர்த்துக்கலாம்னு பயம் இருக்கும். இறக்குறதுல அந்தக் கதையே கிடையாது. மீறினவனுக்கு வண்டி. மீறாதவன் வாயில விரல்."

"மூணரை வரைக்கும் எவனும் வாயைத் திறக்கலேன்னா?"

"மூணரைக்குத்தான் குடுக்கணும். கூவ ஆரம்பிச்சா பாதியில நிறுத்தக் கூடாதே."

"வண்டியும் போயிடும், மேடையும் போயிடும்."

"ஆமா."

சார்ஜன்ட் எண்ணெய்க் குப்பியை எடுத்து மூடியைத் திருகினார். அப்புறம், "எதுல ஆரம்பிப்ப?" என்று கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம்.

வெள்ளிக்கிழமை மீன் ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்ட பிறகு மூவரும் வந்தார்கள். ஒரே காரில் வந்தார்கள். அதை மறைக்கவும் தோன்றவில்லை, அத்தனை தெம்பு. கூடை தூக்குகிறவர்கள், மீன் வெட்டுகிறவர்கள், படகுக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். ஐஸ் முதலாளியும் தூணில் சாய்ந்து நின்றார், வேடிக்கை பார்க்க. சோப்புப் போட்டு இரண்டு முறை தேய்த்தும் வாசனை போகாத வண்டி கூட்டத்தின் நடுவில் நின்றது.

வெங்கலம் மேடையில் ஏறினாள்.

"முறையைச் சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. மேலேருந்து இறங்கி வருவேன். கை தூக்கினா வாங்கினதா அர்த்தம். தெரியாம தூக்கின கைன்னா விட்டுடுவேன், ஆனா திரும்ப முதல்லேருந்துதான் கூவுவேன். சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க."

"கடைசி விலை எதும்மா?" என்றார் புரோக்கர், கையைக் கட்டிக்கொண்டு.

"நீங்க வாய் திறக்கிற விலை."

கூட்டம் சிரித்தது. ஓட்டல்காரரும் சேர்ந்து சிரித்தார்.

"இருபது! பத்தொம்பதே முக்கால்! பத்தொம்பதரை! பத்தொம்பதே கால்!"

அந்தக் குரல் கூரைத் தகட்டில் மோதித் திரும்பியது. பதினேழு தாண்டியது. பதினைந்து. மூவரும் அசையவில்லை. பன்னிரண்டில் ஓட்டல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தில் டாக்டரின் நெற்றியில் வியர்வை ஓடியது, கை மட்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. ஒன்பதில் கூட்டத்தின் சலசலப்பு அடங்கியது. எட்டு லட்சம் என்பது என்ன என்று அங்கே தெரியாதவர் இல்லை. சார்ஜன்ட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எட்டே முக்கால்!"



"எட்டரை!"

புரோக்கரின் கை உயர்ந்தது.

"விழுந்துச்சு!" என்று கொட்டகையே அலறியது.

"இல்ல, இல்ல! ஈ! ஈயை ஓட்டினேன்!" புரோக்கர் கையை வெடுக்கென்று கீழே இழுத்தார். சந்தைக்காரர்கள் ஏலம் நடக்கும்போது மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று நிற்பார்கள். வெளியாளுக்கு அது எப்படித் தெரியும்?

"எட்டரை லட்சத்துக்கு ஒரு ஈயா!" என்றான் ஒரு படகுக்காரன். "எங்க படகுல நிறைய இருக்கு அண்ணே, சல்லிசா தர்றேன்."

சிரிப்பு ஓய்வதற்குள் ஓட்டல்காரர் புரோக்கரின் சட்டையைப் பிடித்துவிட்டார். "என்னய்யா இது? பேசினது ஒண்ணு, பண்றது ஒண்ணு?"

"ஈ சார், சத்தியமா ஈ!"

"நான் மட்டும் நம்பணுமாக்கும்!"

பல் டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சார்ஜன்ட் இப்போது சுவரை விட்டுத் திரும்பியிருந்தார். சத்தமாகப் பேச முடியாதவர் இரண்டு கைகளாலும் கத்தினார்: பிடி, பிடி, விடாதே. எட்டரை போதும். மேடை வந்துவிடும். கை உயர்ந்ததற்குக் கொட்டகை முழுக்கச் சாட்சி.

வெங்கலம் மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்தாள். நாளைக்கும் நாளை மறுநாளும் அவள் குரலை நம்பிக் கை தூக்கப் போகிறவர்கள் இவர்கள்தான். தவறிய கையைப் பிடித்து முறுக்கினவள் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால், மேடை கிடைத்து என்ன பிரயோஜனம்? தேக்கில் செய்து தந்தாலும் அதில் நின்று காற்றுக்குத்தான் கூவ வேண்டும்.

"ஈக்கு நான் பைக் விக்கறதில்லை" என்றாள். "கையை விட்டாச்சு. முதல்லேருந்து."

ஐஸ் முதலாளி தூணை விட்டு நிமிர்ந்தார். அவருக்கு அவள் பைத்தியக்காரியாகத் தெரிந்திருக்க வேண்டும். சார்ஜன்ட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இருபது!"

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு விலைக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சில் மூன்று பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டார்கள். கட்டிய கைகள் அவிழ்ந்துவிட்டன. ஓட்டல்காரர் புரோக்கரின் வலது கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். புரோக்கர் அதைச் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். பதினாறில் டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார். பதினைந்தில் அவர் உதடுகள் அசைந்தன.

"பதினாலே முக்கால்..."

மூச்சு.

"பதினாலரை..."

"எனக்கு!"

டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார், துப்பாக்கி காட்டி நிறுத்தப்பட்டவர் மாதிரி. அரை மூச்சு தள்ளி ஓட்டல்காரரின் கையும் எழுந்தது. ஏலத்தில் அரை மூச்சு என்பது அடுத்த ஜென்மம்.

"விழுந்துச்சு!" இந்த முறை கூட்டத்துக்கு முன்னால் வெங்கலமே கத்தினாள். கூரைமேல் இருந்த காக்கைகள் மொத்தமாக எழுந்து பறந்தன. கூடைக்காரிகள் அவளை மேடையிலிருந்து இறக்காமலே கட்டிக்கொண்டார்கள். புரோக்கர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரைத் தேடிப் போனார். கார் ஓட்டல்காரருடையது, அது ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தது.

டாக்டர் வண்டியின் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நீங்க முதல் தடவையே எட்டரைக்கு அந்தாளைப் பிடிச்சிருந்தா இது எனக்குக் கிடைச்சிருக்காதும்மா."

"பிடிச்சிருந்தா எனக்கும் பதினாலரை கிடைச்சிருக்காது டாக்டர். வாங்க, வங்கி மூடிடும்."

"வண்டியிலயா?"

"உங்க வண்டிதானே? ஆனா ஓட்டறது இன்னைக்கு நான். கிக்கரு முரண்டு பிடிக்கும், சொல்லித் தரணும். நீங்க பின்னால உக்காருங்க."

"இந்த வாசனை எதுக்காவது போகுமா?"

"அது இலவசம். பிடிக்கலேன்னா திருப்பித் தந்துடுங்க."

சைடுகாரில் சார்ஜன்ட் ஏறிக்கொண்டார். தொட்டியில் கால் நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சல்யூட் அடித்தபடி வந்தார். அவருக்குப் பக்கத்தில், பைக்கின் பின் சீட்டில், ஒரு பல் டாக்டர் ஏலக்காரியின் இடுப்பைப் பிடிப்பதா, சீட்டின் விளிம்பைப் பிடிப்பதா என்று தெரியாமல் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைத்தெரு திரும்பிப் பார்த்தது. வங்கியில் காரியம் முடிந்ததும் டாக்டர் மூன்று உதையில் வண்டியைக் கிளப்பிப் போனார். வெங்கலம் அதைத் திரும்பிப் பார்த்தாள். தெருமுனை தாண்டும்வரை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். அழுவதற்கு அன்று அவளுக்கு நேரமில்லை.

கமிட்டி அலுவலகத்தில் ஐஸ் முதலாளி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், மடியில் தோல் பையோடு. குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கலம் முன்பணத்தை மேஜைமேல் வைத்ததும் முதலாளி எழுந்து பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஜெயிச்சுட்ட வெங்கலம். ஆனா வண்டி போச்சே, இனிமே ஐஸ் எப்படி வரும்? என் லாரியிலதான் வரணும்."

"வரட்டும் முதலாளி. பெட்டி என்ன விலைன்னு மேலேருந்து சொல்லிக்கிட்டு வாங்க. எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பை அடக்க இருமல் தேவைப்பட்டது. பேனாவைத் திறந்தார். "மேடை யார் பேர்ல? சார்ஜன்ட் பேர்லதானே?"

சார்ஜன்ட் மேஜைமேல் குனிந்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"அவர் பேசறது எனக்கு மட்டும்தான் புரியும்" என்றாள் வெங்கலம். "என் பேர்ல எழுதச் சொல்றார்."

குமாஸ்தா எழுதினார். வெளியே வந்ததும் சார்ஜன்ட் அவள் காதருகே வந்தார்.

"நான் குடிக்கத் தண்ணி கேட்டேன்."

"எழுதி முடிச்சாச்சு. வாங்க, புது மேடைகிட்ட குழாய் இருக்கு, அங்க குடிக்கலாம்."

புதுச் சந்தையில் இன்னும் யாரும் இல்லை. தூரத்து மூலையில் ஒரு கொத்தனார் சுவருக்குப் பூச்சு வைத்துக்கொண்டிருந்தார். சார்ஜன்ட் குழாயில் வாய் வைத்துக் குடித்தார். வெங்கலம் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். உயரம் கொஞ்சம் அதிகம், காலுக்குக் கீழே சிமெண்டு சில்லென்றிருந்தது. காலி மண்டபத்தைப் பார்த்து நின்றாள். குரல் எதுவரை போகும் என்று தெரிய வேண்டும் அல்லவா?

"பத்தாயிரம்! ஒம்பதே முக்கால்! ஒம்பதரை!"

மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து கரண்டியோடு ஒரு கை மேலே எழுந்தது.

"எனக்கு!" என்றார் கொத்தனார்.

"எதுக்குக் கை தூக்கறீங்கன்னு தெரியுமா?"

"தெரியாதுக்கா. நீங்க கூவினதும் கை தானா எழுந்துச்சு."

சார்ஜன்ட் குழாயடியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வெங்கலம் இடுப்பில் கையூன்றி நிமிர்ந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "விழுந்துச்சு!" என்றாள்.